கண்ணாயிரம் உள்ளே வரவில்லை

பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்
6 ஏப்ரல் 2025, ஞாயிறு

மாண்புமிகு திரிஷாக்கா அவர்களுக்கு,

காஞ்சி மாநகரத்தார் அனைவரும் கையிலிருக்கும் வேலையை அப்படியே போட்டுவிட்டு எழுந்து நிற்கவும். முக்கியச் செய்தி. மார்கழி மாதம் முதல் என் லேப்டாப்பின் இன்சர்ட் பொத்தானுக்கு அடியில் தலைமறைவாக இருந்த மிளகு ஒன்று இன்று காலை உயிருடன் பிடிபட்டது. கோயில் இட்லியிலிருந்து தப்பி ஓடிய மிளகு என்று முதற்கட்ட விசாரணையில் தெரிகிறது. ஒரே ஒரு ஊக்கை ஆயுதமாகக் கொண்டு, தனி ஒருவனாக இந்த மீட்புப் பணியை முடித்த வீரன் சிவபாலன், வயது பதினெட்டு. பிறவியிலேயே பார்வை இல்லாதவன், பிறவியிலேயே அடக்கமும் இல்லாதவன். மாலை மரியாதை வேண்டாம் என்கிறான். பொன்னாடை மட்டும் வாங்கிக்கொள்வான், அசல் பட்டாக இருந்தால்.

சிரிக்காதக்கா. இன்சர்ட் பொத்தான் அமுங்கலன்னா கண்ணாயிரத்துக்குக் கட்டளை போட முடியாது. உன் பக்கத்துல யாராவது ஒட்டுக் கேட்டுக்கினு இருந்தா அவங்களுக்கும் சேர்த்துச் சொல்றேன்: கண்ணாயிரம்னா எங்க தாத்தா இல்ல. திரையில இருக்குறதை வாய்விட்டுப் படிச்சுக் காட்டுற ஸ்க்ரீன் ரீடருக்கு நான் வெச்ச பேரு. எனக்கு இருக்குற கண்ணு அவர் ஒருத்தர்தான். நாலு மாசமா அவரை நான் கையெடுத்துக் கும்பிட்டுத்தான் கூப்பிட வேண்டியிருந்துச்சு.

நீ ஏன் வாய்ஸ் மெசேஜ் அனுப்ப மாட்டேன்றன்னு ஜோசுவா கேட்டான். உங்க தம்பிக்கு என்ன தெரியும்? ஸ்கூல் ஹாஸ்டல்ல ஞாயித்துக்கிழமையானா ஆளுக்கு ஒரு கடிதம் வீட்டுக்கு எழுதச் சொல்வாங்களே, பிரெய்ல்ல. வீட்டுல ஒருத்தருக்கும் படிக்கத் தெரியாத பிரெய்ல்ல. பட்டுத்தறி நெய்யற எங்கம்மா அதைத் தடவித் தடவிப் பார்த்துட்டு, "நெருக்கமாத்தான் நெஞ்சிருக்கான்"னு சொல்லி மடிச்சு வைக்குமாம். அப்புறம்தானே நாம ரெண்டு பேரும் வீட்டை விட்டுட்டு ஒருத்தருக்கொருத்தர் எழுதிக்க ஆரம்பிச்சோம். எனக்கு ஞாயித்துக்கிழமை வந்தா இன்னும் கை அரிக்குது.

நான் ஒரு ஆன்லைன் கோர்ஸ்ல சேர்ந்துட்டேன். ஆபீஸ் வேலைக்கான கம்ப்யூட்டர் கோர்ஸ். அடுத்த வாரம் லேப் ஆரம்பம். எங்கயோ இருக்குற மெஷினுக்குள்ள நம்ம வீட்டுல இருந்தே போய் வேலை செய்யணுமாம். செருப்பை எங்க கழட்டணும்னு கேட்டேன், சார் சிரிக்கல.

உன் பெரிய ஆபீஸ் எப்படி இருக்குது? கடைசியா உனக்கு ஒரு சின்ன சீர்வரிசை அனுப்பறேன். தட்டு தட்டா எண்ணிக்கோ.

😂😂😂😂😂😂😂😂😂😂😂😂

இப்படிக்கு,
மிளகு வென்ற சிவபாலன்


பெருங்குடி, சென்னை
13 ஏப்ரல் 2025

பாலா,

உன் சீர்வரிசையை நான் பஸ்ல திறந்தேன். காதுல மாட்டியிருந்த ஒயர் கழண்டுடுச்சு. "ஆனந்தக் கண்ணீருடன் முகம், ஆனந்தக் கண்ணீருடன் முகம்"னு ரெண்டு ஸ்டாப்பிங் வரைக்கும் கண்ணாயிரம் கத்திக்கினே வந்தார். பக்கத்துல இருந்த அம்மா, "யாருக்கும்மா கண்ணீரு?"ன்னு கேட்டாங்க. எனக்குத்தான்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு.

ஆபீஸ் எப்படின்னு கேட்டல்ல. சொல்றேன், ஆனா எங்கம்மாகிட்ட சொல்லிடாத. வேலை கெடச்சப்போ வாலாஜாபாத் சர்ச்சுல நன்றி ஆராதனை வெச்சு, ரைஸ் மில்லுல கூட வேலை செய்றவங்களுக்கெல்லாம் கேக்கு குடுத்தவங்க அவங்க.

எனக்கு வேலை என்னன்னா, ஆஸ்பத்திரி பில்லுங்களைச் சரிபார்த்து இன்சூரன்ஸ் பணத்துக்கு அனுப்பறது. ஆறு மாசம் என் லேப்டாப்லயே நல்லா செஞ்சேன். கண்ணாயிரம் படிப்பார், நான் அடிப்பேன். எங்க டீம்ல தப்பு குறைச்சலா பண்றது நான்தான்னு வீரபத்திரன் சாரே சொன்னார். அவர்தான் எங்களுக்கு மேல இருக்குறவர்.

போன மாசம் எல்லாத்தையும் மாத்திட்டாங்க. நோயாளிங்களோட விவரம் வெளிய போயிடக்கூடாதுன்னு, எல்லாரும் தூரத்துல இருக்குற ஒரு மெஷினுக்குள்ள போய்த்தான் வேலை செய்யணும். நீ சொன்ன அதே கதைதான். அந்த மெஷினோட திரை மட்டும் ஒரு படமா எங்க லேப்டாப்புக்கு வருது. மத்தவங்களுக்கு ஒரு வித்தியாசமும் இல்ல. ஆனா கண்ணாயிரம் எழுத்தைத்தான் படிப்பார், படத்தை இல்ல. "விண்டோ"ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வாசல்லயே நின்னுடறார். அதுக்கப்புறம் என்ன அழுத்தினாலும் சத்தம் இல்ல. உனக்கே தெரியும், நமக்கு சத்தம் இல்லன்னா ஒண்ணுமே இல்ல.

வழி இல்லாம இல்ல. அந்த மெஷினுக்கு உள்ளயே இன்னொரு ஸ்க்ரீன் ரீடரை ஏத்தி, அங்க பேசற சத்தத்தை இங்க வர விட்டா போதும். கெஞ்சிக் கேட்டு ஒரு வெள்ளிக்கிழமை ஏத்தினாங்க. பேசுச்சு பாலா. பதில் கொஞ்சம் தாமதமா வந்துச்சு, ஆனா பேசுச்சு. ராத்திரி சந்தோஷத்துல பரோட்டா வாங்கித் தின்னேன். திங்கக்கிழமை போனா மறுபடியும் மௌனம். அந்த மெஷினை தினமும் துடைச்சுக் கழுவி புதுசா வைப்பாங்களாம். நாம ஏத்துனது எதுவும் நிக்காது. நிரந்தரமா ஏத்தணும்னா, சத்தத்தை விடணும்னா, பாதுகாப்புப் பிரிவு ஒத்துக்கணும். எழுதிக் குடுத்திருக்கேன்.

அதுவரைக்கும் பக்கத்து சீட்டு அகிலா படிச்சுக் காட்டறா. நல்ல பொண்ணு. ஆனா அவளுக்கு எது முக்கியமோ அதைத்தான் படிக்கிறா, எனக்கு எது முக்கியமோ அதை இல்ல. அவ வேலையும் தேங்குது. அவ பெருமூச்சு விடறது எனக்குக் கேக்குதுன்னு அவளுக்குத் தெரியாது.

ஜூன்ல என்னை நிரந்தரம் பண்றதா, அனுப்பறதான்னு முடிவு பண்ணுவாங்க.

உன் லேப்பும் இதே மாதிரிதானே? நீ எப்படிச் சமாளிக்கப் போற?

திரிஷா


பிள்ளையார்பாளையம்
20 ஏப்ரல் 2025

அக்கா,

கண்ணைத் தொடைச்சுக்கோ. நம்ம கிட்ட பயன் இல்லன்னாலும் ஒரு மரியாதைக்காக வெச்சிருக்கோமே, அதைத் தொடைச்சுக்கோ. உன் தம்பி பாலன் அந்த மெஷினைக் கவுத்துட்டான்.

ஆமா. அதே மாதிரி மெஷின்தான். அதே மாதிரி படம்தான். உள்ள எதையும் ஏத்தல. யார் கிட்டயும் அனுமதி கேக்கல. யாரும் உதவல. மொத லேப்பு, ரெண்டாவது லேப்பு, ரெண்டும் முடிச்சு அனுப்பிட்டேன். சார் "வெரி குட்"னு போட்டிருக்கார். கண்ணாயிரம் அதை மூணு தடவை படிச்சார், நான் படிக்கச் சொன்னதால.

எப்படின்னு கேப்ப. படத்துல இருந்து எழுத்தைப் பிரிச்சுப் படிக்கிற வசதி கண்ணாயிரத்துல இருக்குதில்ல, இன்சர்ட்டும் ஆர் எழுத்தும் சேர்த்து அழுத்தினா? மொதல்ல அதை வெச்சு எங்க எது இருக்குதுன்னு பாத்துக்கோ. அப்புறம் எத்தனை டேப் அழுத்தினா எந்தக் கட்டம்னு மனப்பாடம் பண்ணிக்கோ. சத்தமே வேணாம், விரலே போதும். மிச்சம் தொழில் ரகசியம்.

எனக்கு இப்ப அந்த மெஷினே வீடு மாதிரி ஆயிடுச்சு. உள்ள நுழைஞ்சா இடது ஓரத்துல மேல இருந்து கீழ வரைக்கும் அரக்குல ஒரு பட்டை. அதுல வரிசையா கட்டம் கட்டமா பொம்மைங்க. முந்தானைப் பக்கம் கிளிப்பச்சையில ஒரு பொட்டு, அதை அமுத்தினா அனுப்பிடும். நடுவுல உடல் முழுக்க வெள்ளை. அங்கதான் எழுதறது. அவ்ளோதான் மேட்டர்.

நீ ஸ்கூல்ல கணக்குல மொத மார்க்கு, பாட்டுல மொத மார்க்கு, கேரம்ல கூட தடவிப் பாத்தே என்னைத் தோக்கடிச்சவ. ஒரே ஒரு விஷயத்துலயாவது நான் உனக்குச் சொல்லிக் குடுக்குறேனே, விடேன். பயந்துக்கினே இருந்தா மெஷினுக்கும் தெரிஞ்சுடும்.

கம்ப்யூட்டர் சக்கரவர்த்தி
சிவபாலன்

பி.கு: முகம் எதுவும் அனுப்பல. ஒயரைச் சரியா மாட்டு, அடுத்த தடவை பாத்துக்கலாம்.


பெருங்குடி
4 மே 2025

பாலா,

நீ சொன்ன மாதிரி செஞ்சு பாத்தேன்.

படத்தைப் படிக்க வெச்சு, டேப் எண்ணிக்கையை மனப்பாடம் பண்ணி, அகிலாவைக் கூப்பிடாம நானே செய்யறேன்னு உக்காந்தேன். அந்த வசதி அந்த நொடியில இருந்ததைப் படிக்குது, சரி. ஆனா நான் ஒரு பொத்தானை அழுத்தினதும் திரை மாறிடுது, அது மாறினது எனக்குத் தெரியறதில்ல. நேத்து அறிவிச்ச பஸ்ஸுல இன்னைக்கு ஏறப்போன கதை. நடுவுல ஏதோ ஒரு கேள்விப் பெட்டி வந்து நின்னிருக்குது. என்னோட என்டர் அதுல போய் விழுந்துடுச்சு.

வேலூர்ல ஒரு அம்மாவோட டயாலிசிஸ் பில்லு. "நிராகரிக்கப்பட்டது"ன்னு போயிடுச்சு. அவங்க பையன் போனுக்கு மெசேஜும் போயிடுச்சு. மத்தியானம் அகிலாதான் கண்டுபிடிச்சுத் திருத்தினா. அதுவரைக்கும் அந்தப் பையன் ஆஸ்பத்திரி வராண்டாவுல என்ன பண்ணிக்கினு இருந்திருப்பான்னு எனக்குத் தூக்கம் வரல.

வீரபத்திரன் சார் திட்டல. அதுதான் பயமா இருக்குது. "என்னம்மா பண்ணலாம்?"னு கேட்டார். நான் உன்னைப் பத்திச் சொன்னேன். காஞ்சிபுரத்துல எனக்குத் தெரிஞ்ச பையன், எங்களை மாதிரிதான், இதே மாதிரி மெஷின்ல வேலை செய்யறான், அப்ப ஏதோ ஒரு வழி இருக்குது, அவனுக்கு இருக்குற ஏற்பாடு எனக்கும் குடுங்கன்னு கேட்டேன். அவர் மொகம் எப்படி இருந்துச்சோ தெரியல, குரல் நல்லா இருந்துச்சு. உன் மெயிலை வாங்கிக்கினார். உனக்கு எழுதுவார். வீடியோ கால்ல பத்து நிமிஷம் செஞ்சு காட்டினா போதுமாம். அதை வெச்சு பாதுகாப்புப் பிரிவுகிட்டப் பேசறேன்னு சொன்னார்.

அதனால தொழில் ரகசியம், வெங்காயம் எல்லாம் வேணாம். ஒண்ணு விடாம எழுது. உன் மெஷின்ல சத்தம் வருதா? யாராவது உள்ள ஏத்திக் குடுத்திருக்காங்களா, உனக்கே தெரியாம? எனக்கு இதைத் தவிர வேற வழி இல்ல பாலா.

நேத்து உனக்கு போன் பண்ணேன், "லேப்ல இருக்கேன்"னு வெச்சுட்ட. உங்க வீட்டுத் தறிச் சத்தமே கேக்கல. உங்கம்மாவுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?

திரிஷா


பிள்ளையார்பாளையம்
18 மே 2025

திரிஷாக்காவுக்கு,

லேட்டுக்கு மன்னிப்பு. ஊர்ல கருட சேவை. பெருமாள் கெளம்பினாருன்னா சின்ன காஞ்சிபுரத்துல இருந்து எங்க தெரு வரைக்கும் ஜனங்க. அத்தனை பேரும் பெருமாளை போன்ல பிடிச்சு மாமாவுக்கும் மச்சானுக்கும் அனுப்பினதுல ஊர் நெட்டே படுத்துடுச்சு. உங்க சார் மெயில் வந்துச்சு. ரெண்டு தடவை. வீடியோ கால்னா நெட் நல்லா இருக்கணும்ல, அதான். இந்த வாரமும் கஷ்டம். அடுத்த வாரம் பாக்கலாம்.

அம்மாவுக்கு ஒண்ணும் இல்ல. தறியில பாவு நூல் தீர்ந்துபோச்சு. புதுப் பாவு வரல. அதான் தறி நிக்குது.

ரகசியம்னு பெருசா ஒண்ணும் இல்லக்கா. பழக்கம்தான். நீ இன்னும் கொஞ்சம் கவனமா செஞ்சா வந்துடும். பதட்டப்படாம செய்.

ஒரு நல்ல செய்தி. கோர்ஸ் முடிஞ்சுடுச்சு. நான்தான் மொதல்! இன்ஸ்டிட்யூட்ல என் போட்டோ போட்டு அவங்க வெப்சைட்ல அறிவிப்பு வெச்சிருக்காங்க. "எவர் உதவியும் இன்றி, எந்தக் கூடுதல் மென்பொருளும் இன்றி, எங்கள் தொலைநிலைக் கணினியில் முழுப் பயிற்சியையும் முடித்த பார்வையற்ற மாணவர்." போட்டோவுல நான் வேற பக்கம் பாத்துக்கினு இருக்கேனாம், அம்மா சொல்லுச்சு. கேமரா எந்தப் பக்கம்னு யாரும் சொல்லல, நான் என்ன பண்றது? லிங்க் கீழ வெச்சிருக்கேன். சான்றிதழ் வந்ததும் அம்மா சாமி ரூம்ல மாட்டிடுச்சு. இப்ப தினமும் எனக்கும் சேர்த்து கற்பூரம்.

உன் விஷயம் நல்லபடியா முடியும். கவலைப்படாத.

பாலன்


பெருங்குடி
1 ஜூன் 2025

சிவபாலன்,

வெள்ளிக்கிழமை மீட்டிங் நடந்துச்சு. வீரபத்திரன் சார், பாதுகாப்புப் பிரிவுல இருந்து ஒருத்தர், நான். நான் குடுத்த மனுவை எடுத்தாங்க. அந்தப் பாதுகாப்பு ஆளு உன் இன்ஸ்டிட்யூட் அறிவிப்பைத் தேடி எடுத்து வெச்சிருந்தார். லிங்க் அனுப்பினது நான்தான். நீ செஞ்சு காட்ட வரல, அதையாவது காட்டலாம்னு நெனச்சேன். உன் பெருமை எனக்கு உதவட்டும்னு.

அவர் அதைச் சத்தமா படிச்சார். எவர் உதவியும் இன்றி. எந்தக் கூடுதல் மென்பொருளும் இன்றி. படிச்சுட்டு ரொம்ப மரியாதையா சொன்னார்: "பாருங்கம்மா, உள்ள எதையும் ஏத்தாமலே ஒரு சின்னப் பையன் செய்யறான். அப்ப குறை மெஷின்ல இல்லையே."

மனுவை முடிச்சுட்டாங்க. என்னை நிரந்தரம் பண்ணல, ஜூன் பதிமூணு எனக்குக் கடைசி நாள்.

நான் தங்கியிருக்குற லேடீஸ் ஹாஸ்டலுக்கு வந்து உன் கடிதம் எல்லாத்தையும் மறுபடியும் படிக்க வெச்சேன். எங்க தப்பு பண்ணேன்னு பாக்கலாம்னு. கண்ணாயிரம் உணர்ச்சியே இல்லாம படிச்சுக்கினு போனார். ஒரு இடத்துல நிறுத்தினேன். திரும்பப் படிக்கச் சொன்னேன்.

"இடது ஓரத்துல அரக்குல ஒரு பட்டை."

எனக்கு ஒரு கேள்விதான் இருக்குது. உன் கண்ணாயிரம் எந்த ஊர் கண்ணாயிரம்? நம்ம கண்ணாயிரம் கலரைச் சொல்றதா இருந்தா இங்கிலீஷ் பேருதான் சொல்வார், அதுவும் கேட்டாத்தான். அரக்குன்னு சொல்ற ஆளு யாரு? முந்தானைப் பக்கம் கிளிப்பச்சைப் பொட்டுன்னு சொல்ற ஆளு யாரு? நீ லேப்ல இருக்குறப்பல்லாம் உங்க வீட்டுல எந்தச் சத்தம் நின்னுபோயிருந்துச்சு?

பதில் எனக்குத் தெரியும்னு நெனைக்கிறேன். ஆனா நீ சொல்லணும்.

எனக்கும் ஒரு அம்மா இருக்காங்க பாலா. ஆபீஸுக்குக் கூட்டிக்கினு வந்து பக்கத்துல உக்கார வைக்க முடியாது.

திரிஷா


பிள்ளையார்பாளையம்
4 ஜூன் 2025

அக்கா,

கனம் கோர்ட்டார் அவர்களே, என் கட்சிக்காரர் சிவபாலன் சின்னப் பையன். நெசவுத் தெருவுல பொறந்தவன். அவன் அழுதாலே கலர் கலராத்தான் அழுவான். அரக்கு, கிளிப்பச்சை எல்லாம் அவன் காதுல ஊறின வார்த்தை. ஏதோ ஒரு ஃப்ளோவுல அடிச்சு விட்டிருப்பான். இதைப் போய்ப் பெருசு பண்ணலாமா?

அந்தப் பாதுகாப்பு ஆளு சுத்த லூசுக்கா. நீ வேற வேலை தேடு, ஆயிரம் கம்பெனி இருக்குது. உன் திறமைக்கு…

போன் எடுக்க மாட்டேன்ற.

பாலன்


பெருங்குடி
8 ஜூன் 2025

நான் கேட்டது அது இல்ல.

திரிஷா


பிள்ளையார்பாளையம்
22 ஜூன் 2025, ஞாயிறு

அக்கா,

நீ அறையைக் காலி பண்ணிட்டு வாலாஜாபாத் வந்துட்டன்னு ஜோசுவா சொன்னான். உங்கம்மா மில்லுல யார்கிட்டயும் சொல்லலையாம், நீ லீவுல வந்திருக்கன்னு சொல்லியிருக்காங்களாம். அதைக் கேட்டதுல இருந்து எழுத உக்கார்றேன், அழிக்கிறேன். இதுல ஒரு முகம்கூட இல்ல. தைரியமா திற.

மொத நாள் லேப். பேரு, பாஸ்வேர்டு எல்லாம் போட்டு உள்ள போனேன். கண்ணாயிரம் "விண்டோ"ன்னார். அப்புறம் ஒண்ணும் இல்ல. மறுபடியும் மிளகு விழுந்துடுச்சோன்னு பொத்தானைத் தட்டிப் பாத்தேன். சத்தியமா. லேப்டாப்பைத் தூக்கிக் குலுக்கினேன். கண்ணாயிரம், கண்ணாயிரம்னு வாய்விட்டுக் கூப்பிட்டேன். ஹாஸ்டல்ல மொத நாள், அப்பா என்னை விட்டுட்டுப் போனப்புறம் ஒரு ஹால்ல தனியா நின்னேனே, யார் இருக்காங்க, எவ்ளோ பெருசு, ஒண்ணுமே தெரியாம. நீதான் வந்து கைதட்டி, "சத்தம் திரும்பி வர்றதைக் கேளு, அதை வெச்சு செவுரு எங்கன்னு கண்டுபிடி"ன்னு சொன்ன. இங்க எதைத் தட்டினாலும் திரும்பி வரல.

தறி நின்னுச்சு. அம்மா எழுந்து வந்துச்சு.

"என்னடா ஆச்சு?"

"ஒண்ணுமே தெரியலமா."

"எனக்குத் தெரியுதேடா"ன்னுச்சு.

அவ்ளோதான்க்கா. அன்னைக்கு ஆரம்பிச்சது. எட்டாவது படிச்ச எங்கம்மா இந்திராணி என் பக்கத்துல உக்காந்து, அது வரைக்கும் கையால தொடாத மெஷினைப் புடவையைப் பிரிக்கிற மாதிரி பிரிச்சுச் சொல்லுச்சு. "இடது கரையில அரக்குடா. முந்தானையில கிளிப்பச்சையா ஒரு பொட்டு." எழுத்தை ஒண்ணொண்ணா கூட்டும். "எஸ்… ஏ… வி… ஈ…" நான் சேர்த்து சேவ்னு சொல்வேன். சில நாள் எம்முக்கும் டபிள்யூவுக்கும் சண்டை வந்துடும், நான் கத்துவேன், அது கத்தும். மௌஸ் அதோட கையில. மொத லேப்ல இருந்து கடைசிப் பரீட்சை வரைக்கும். பாவு தீரவே இல்லக்கா. தறியில பாதிப் புடவை அப்படியே நின்னுச்சு. நெய்யக் குடுத்த முதலாளி ரெண்டு தடவை வந்து சத்தம் போட்டுட்டுப் போனார். அம்மா அவர்கிட்ட, "எம்புள்ளைக்குப் பரீட்சை"ன்னு மட்டும் சொல்லுச்சு.

அந்த நேரத்துலதான் உன் கடிதம் வந்துச்சு. நீ எப்படிச் சமாளிக்கப் போறன்னு கேட்டிருந்த. நீ. எனக்குச் செவுரு கண்டுபிடிக்கச் சொல்லிக் குடுத்தவ, வழி தெரியாம என்கிட்ட கேக்குற. உன் குரல் அப்படி இருந்தது எனக்குத் தாங்கல. அதுவும் உண்மை. உன்னை விட நான் ஒரு விஷயத்துலயாவது பெரிய ஆளா இருக்கேன்னு சொல்ற ருசியும் உண்மை. எது அதிகம்னு என்னால பிரிக்க முடியல.

உள்ள எதையும் ஏத்தலன்னு ஏன் எழுதினேன்னா, அது பெரிய வித்தை மாதிரி கேட்டுச்சு. இன்ஸ்டிட்யூட்லயும் அதையே சொன்னேன். அந்த ஒரு வரியாலதான் உன் மனு போச்சு. நான் பொய்யை எழுதி முடிச்சு, இங்க சான்றிதழுக்குக் கற்பூரம் காட்டிக்கினு இருந்தப்போ, நீ அதைத் தூக்கிக்கினு மீட்டிங்குக்குப் போயிருக்க.

நான் செஞ்சது இதுதான். இன்ஸ்டிட்யூட்டுக்கு எழுதினேன். நான் ஒரு லேப்பும் செய்யல, எங்கம்மா படிச்சுச் சொன்னாங்க, உங்க மெஷின்ல ஸ்க்ரீன் ரீடர் இல்ல, உங்க அறிவிப்பு பொய்னு. மறுநாளே அறிவிப்பை எடுத்துட்டாங்க. சான்றிதழ் செல்லாதுன்னு எழுதினாங்க. மெஷினைச் சரி பண்ணுங்கன்னு கேட்டதுக்கு மட்டும் பதில் இல்ல.

உங்க வீரபத்திரன் சார் மெயிலும் இருந்துச்சுல்ல, நான் பதில் போடாதது. அதுக்கும் எழுதினேன், பதினெட்டாம் தேதி. எல்லாத்தையும். திரிஷா சொன்னதுதான் சரி, அந்த மௌனம் எனக்கும் அதே மௌனம்தான்னு. நேத்து பதில் வந்துச்சு. ஓடிப்போய் உக்காந்தேன். கண்ணாயிரம் படிச்சார்: "தகவலுக்கு நன்றி. இந்த வேண்டுகோள் ஏற்கனவே முடித்து வைக்கப்பட்டது." அதுக்குக் கீழ இன்னொரு வரி. "நீங்கள் இதை மே மாதம் எழுதியிருக்கலாம்." சீர்வரிசையைப் படிச்ச அதே குரல்ல படிச்சார். நான் திரும்பப் படிக்கச் சொல்லல.

அம்மாகிட்டயும் சொன்னேன், சான்றிதழைக் கழட்டணும்னு. "அப்ப நான் பாஸ் இல்லையாடா?"ன்னு கேட்டுச்சு. அதுக்கு என்ன சொல்றதுன்னு உனக்குத் தெரிஞ்சா சொல்லுக்கா. சிரிக்க வைக்கலாம்னு பாத்தேன், வாயே வரல. சாமி ரூம்ல ஆணி மட்டும் இருக்குது. போகும்போது வரும்போது கை அதுல படுது.

நீ எனக்குப் பதில் எழுத வேணாம். உனக்கு எங்கயாவது, எந்தக் கம்பெனியிலயாவது, யாராவது "ஒரு பையன் செஞ்சான்ல"னு சொன்னா, இந்தக் கடிதத்தை அப்படியே அனுப்பு. என் பேரு, தெரு எல்லாம் இருக்கட்டும். எதையும் வெட்டாத.

இன்னொண்ணு. சொல்லவே வெக்கமா இருக்குது. அந்த மிளகை எடுத்ததும் நான் இல்ல. ஊக்கால குத்திக் குத்தி இன்னும் உள்ள தள்ளிட்டேன். அம்மாதான் எடுத்துச்சு.

சிவபாலன்